மழைக்கு முன் முடியும் குழந்தை விரிப்பு

மரக்காணம் உப்பளக் கரையில் வெயில் உள்ளவரையில்தான் வேலை உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. உப்பு வாரும் கைகளுக்குக் கூலி நின்றுவிடுகிறது. புயலும் இந்த மாதங்களில்தான் வருகிறது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் மரக்காணத்தின் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிற்று. இத்தகைய நாட்களில் தாழ்ந்த இடத்துக் குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் புயல் பாதுகாப்பு மையங்களிலும் வந்து தங்குகின்றன. ஈரம் ஏறிய சிமெண்டுத் தரையில் கைக்குழந்தையைக் கிடத்த உலர்ந்த விரிப்பு ஒன்று வேண்டும். நம் நெசவாளர், விவசாயிகள் சங்கங்களின் உறுப்பினர்கள் தம் வீட்டுத் துண்டுத் துணிகளைக் கொண்டு அதனைத் தைத்து அளிக்க முடியும். எந்த முறையில் தைப்பது என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

துண்டுத் துணி நமக்குப் புதியதன்று. கோயில் தேரை அலங்கரிக்கும் தொம்பைகளைத் தஞ்சைப் பகுதிக் கலைஞர்கள் பல வண்ணத் துணிகளை வெட்டி இணைத்தே தைக்கின்றனர். மரக்காணத்திற்குத் தெற்கே உள்ள ஆரோவிலில், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், உமா பிரஜாபதி நிறுவிய உபாசனா நிலையம் மீனவப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. தையற்கூடத்தில் மிஞ்சிய துணியிலிருந்து அவர்கள் செய்த ‘சுனாமிகா’ என்னும் சிறு பொம்மை விலைக்கு விற்கப்படாமல் அன்பளிப்பாகவே உலகெங்கும் சென்றது. துண்டுத் துணிக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இவை சான்று.

பெரிய கோலத்திற்குப் பெரிய துண்டு

கைலியின் பெரிய கட்டங்களும், சுங்கடியின் புள்ளிகளும், போர்வையின் அகன்ற கோடுகளும் கண்ணைப் பறிக்கும் இயல்புடையன. இவற்றைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டினால் கட்டம் பாதியில் அறுபடும். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது. விரிப்பு முழுதும் ஒரே குழப்பமாகத் தோன்றும். அழுத்தமான துணிக்குப் பெரிய துண்டே பொருந்தும். பெரிய துண்டுக்குத் தையல் குறைவு. தையல் குறைந்தால் வேலை விரைவில் முடியும். ஆகவே அழகும் விரைவும் இங்கே ஒரே வழியில் செல்கின்றன.

இதனைக் கணக்கிட்டே காட்டலாம். விரிப்பு 90 செ.மீ. சதுரம் என்றும், ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தையலுக்கு 1 செ.மீ. விடப்படும் என்றும் கொள்வோம். 10 செ.மீ. சதுரங்களால் அமைத்தால் 81 துண்டுகள் வேண்டும். இணைப்புத் தையலின் நீளம் 14 மீட்டர் 40 செ.மீ. 30 செ.மீ. சதுரங்களால் அமைத்தால் 9 துண்டுகளே போதும். தையல் 3 மீட்டர் 60 செ.மீ. மட்டுமே. உழைப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. தையலுக்குள் மறைந்து வீணாகும் துணியும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குகிறது.

நான்கு எளிய முறைகள்

முதலாவது, ஒன்பது கட்டம். 32 செ.மீ. சதுரமாக 9 துண்டுகளை வெட்டுக. கோலமுள்ள துணி ஐந்தும் வெற்று நிறத் துணி நான்கும் எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்து, மும்மூன்றாக இணைக்க வேண்டும். வெற்றுத் துணி இடையே இருந்தால்தான் கோலத்துணி எடுப்பாகத் தெரியும்.

இரண்டாவது, நெடும்பட்டை. 17 செ.மீ. அகலமும் 92 செ.மீ. நீளமும் உள்ள 6 பட்டைகளைப் பக்கம் பக்கமாக இணைப்பது. தையல் 4 மீட்டர் 50 செ.மீ. தறியில் மிஞ்சும் நீண்ட ஓரத் துண்டுகளுக்கு இம்முறையே ஏற்றது. புதிதாகத் தைக்கப் பழகுவோரும் இதில் தவறமாட்டார்கள்.

மூன்றாவது, நடுச்சதுரம். 52 செ.மீ. சதுரத் துணி ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றிலும் 22 செ.மீ. அகலப் பட்டைகளை இணைப்பது. பட்டைகளில் இரண்டு 52 செ.மீ. நீளமும், இரண்டு 92 செ.மீ. நீளமும் இருக்க வேண்டும். தையல் 2 மீட்டர் 80 செ.மீ. மட்டுமே. நல்ல கோலத்துணி ஒரே துண்டாகக் கிடைத்தால் இதனையே தேர்க.

நான்காவது முறையை நமக்குக் கற்பிப்போர் வட கருநாடகத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள். ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான இவர்கள் ‘கவந்தி’ என்னும் விரிப்பைத் தைக்கின்றனர். பழஞ்சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து வைத்து, ஓட்டுத் தையலால் அடித்துணியோடு சேர்த்தே தைத்துச் சுற்றிச் சுற்றி நடுவை அடைகின்றனர். இணைப்பதும் அடுக்குகளைப் பிடித்து நிறுத்துவதும் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன. அளவும் வேண்டுவதில்லை, இயந்திரமும் வேண்டுவதில்லை. கோணல்மாணலான துண்டுகள் மட்டுமே உள்ள வீட்டார்க்கு இது பெரிதும் பயன்படும்.

முக்கோணத் துண்டுகளைத் தவிர்ப்பது நலம். இழைக்குக் குறுக்கே வெட்டிய விளிம்பு இழுபட்டு அளவு மாறும். கட்டத்துணியை நெய்த கோட்டின் வழியே வெட்டினால் அளவுகோல் இன்றியே நேராக வரும். இதனை நெசவாளர்க்குக் கூற வேண்டுவதில்லை.

குழந்தைக்கு ஏற்றதா?

துணி பருத்தியாக இருத்தல் வேண்டும். சரிகை, மணி, பொத்தான் ஆகியவை கூடா. வெட்டுமுன் துணியை நன்னீரில் துவைத்துச் சுருக்கம் நீக்குக. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டுமாயின் அத்துணியை விலக்குக. பிறந்த குழந்தைக்குப் பழகிய பழந்துணியே இதம் என்பது நம் தாய்மார் கண்ட உண்மை; அடிப்புறத்திற்குப் பழம்புடவையே சிறந்தது.

நடுவில் பஞ்சு திணிக்க வேண்டா. மழைநாளில் பஞ்சு உலராது, நாற்றம் பிடிக்கும். பழைய வேட்டி ஒரு மடிப்புப் போதும். முதல் மூன்று முறைகளில் மேல்துணியின் முகமும் அடித்துணியின் முகமும் ஒன்றையொன்று நோக்க வைத்து, மேலே வேட்டியைப் பரப்பி, கையளவு வாய் விட்டுச் சுற்றிலும் தைத்து, அவ்வாய் வழியே புரட்டி மூடுக. பின்னர் சாண் அளவுக்கு ஒன்றாக ஓட்டுத் தையல் இட்டால் அடுக்குகள் நழுவா. நூல் முனைகளை நீளமாகத் தொங்கவிடலாகாது.

இது தரையில் விரித்துக் கிடத்துவதற்கே உரியது. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்ந்த போர்வை முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். ஆகவே இதனைத் தூளிக்குள் இடவும், குழந்தையின் மேல் போர்த்தவும் வேண்டா. கொடுக்கும்போதே இதனைத் தாய்மார்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

சங்கத்துத் துணி ஒரு சாணாயினும் உறுப்பினர் அனைவர்க்கும் பொதுவானது. ஆகவே சங்க இருப்பிலிருந்து துண்டுகளை எடுக்குமுன் நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும்; எடுத்த அளவும் கொடுத்த விரிப்பின் எண்ணிக்கையும் பதிவேட்டில் ஏற வேண்டும். தருமத்திற்கும் கணக்கு உண்டு. வெட்டுவோர், இணைப்போர், ஓரம் முடிப்போர் என வேலையைப் பிரித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே அளவைக் கையாண்டால் ஒருவர் விட்டதை மற்றவர் தொடரலாம். உலகக் கூட்டுறவுக் கூட்டணி 1995 இல் வகுத்த ஏழு கொள்கைகளில் ஏழாவது, தான் வாழும் சமுதாயத்தின்பால் அக்கறை கொள்வதாகும். அக்கொள்கை செயலாவது இத்தகைய சிறு பணிகளிலேதான்.

ஆடியில் துணி சேர்த்து, ஆவணியில் தைத்து, புரட்டாசி முடிவதற்குள் துவைத்து உலர்த்தி அடுக்கிவிடுவோம். நுண்ணிய வேலைப்பாடுடைய ஒரு விரிப்பு கார்த்திகையில் முடிவதைவிட, ஒன்பது கட்டத்தில் எளிய நான்கு விரிப்புகள் ஐப்பசிக்கு முன் முடிவதே மேலானது. மழை நமக்காகக் காத்திராது. தரையில் கிடக்கும் குழந்தையும் காத்திராது.