உங்களுக்குத் தெரியுமா? குழியும் வசவும்

சாக்கடை என்ற சொல் வசவாக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே வள்ளுவர் கழிவுநீர் விழும் இடத்தை உவமையாக்கிவிட்டார். அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (720) வரும் ‘அங்கணம்’தான் அது. அறிவால் ஒவ்வாதவர் கூட்டத்தில் பேசுவதை, அந்த அழுக்கில் அமிழ்தத்தைக் கொட்டுவதற்கு ஒப்பிடுகிறார். பரிமேலழகர் இதற்குத் தூய்மையற்ற முற்றம் என்று உரை கண்டார். நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் விழும் இடத்துக்கு அங்கணக்குழி என்றே பெயர். இங்கே மலேசியாவில் நாம் லோங்காங் என்கிறோம்.

கக்கூஸ் தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல, டச்சுச் சொல். மலாயில் ‘காக்குஸ்’ என்று புழங்குவதும் அதுவே. பேராக்கின் ஈயத்துக்காகப் பங்கோர் தீவில் 1670இல் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்களின் மொழி!

ரப்பர் தோட்டங்களில் கழிப்பிடக் குழி எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். குழி இல்லாத லயங்களில் ஆட்கள் வெளியே ஒதுங்கினார்கள். மலத்தோடு விழுந்த கொக்கிப்புழு முட்டைகள் மரநிழலின் ஈரமண்ணில் பொரிந்தன. சில நாட்களில், கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுக்குஞ்சு தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். விடியலில் செருப்பில்லாமல் பால்வெட்டப் போகிறவரின் விரலிடுக்கில் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலைக் கவ்விக்கொண்டு மாதக்கணக்கில் இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறிப்போவார், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். உடம்பில் இரத்தமே இல்லாதவரைச் சோம்பேறி என்று ஏசுவதைவிடக் கொடுமை உண்டா? இந்த நோயை ஆராய ராக்ஃபெல்லர் அறநிறுவனம் சாமுவேல் டார்லிங் தலைமையில் அனுப்பிய குழு, 1915க்கும் 1917க்கும் இடையில் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் வேலை செய்தது. மருந்து புழுவைக் கொல்லும். மண் சுத்தமாகாவிட்டால் வெறுங்காலில் அது மறுபடி ஏறும். ஆகவே மருந்தோடு குழியும் தேவைப்பட்டது.

ஈப்போவின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளைப் பார்த்திருப்பீர்கள். மலாயா நகரங்களில் இத்தகைய பின்சந்துகளை விட்டதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மலவாளி எடுப்பது. வாளியைத் தூக்கியவருக்குத் தமிழில் தோட்டி என்று பெயர். பழைய ஊராட்சி முறையில் தோட்டி என்பவர் கிராமப் பணியாளர். ஊருக்குச் சேதி சொல்வதும் அவர் வேலை. பிறகு அந்தப் பெயரே வசவாகிவிட்டது. அழுக்கை உண்டாக்கியவன் பெயரில் வசவு இல்லை, அதை அள்ளியவர் பெயரில் மட்டும் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வெறும் மலக்குழியும் செப்டிக் தொட்டியும் ஒன்றல்ல. குழியிலிருந்து கழிவுநீர் அப்படியே மண்ணுக்குள் கசியும். தொட்டியில் கனமானது அடியில் வண்டலாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். வண்டலைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தின்று குறைக்கும், ஆனால் முழுவதையும் தீர்க்காது. அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. 1994 முதல் இந்த வேலையில் இருக்கிறது இண்டா வாட்டர் நிறுவனம்.

தொட்டிக்குள் யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். வண்டலை உறிஞ்சும் லோரியின் குழாயை மேலிருந்தே விடலாம். வீட்டைப் பெரிதாக்கும்போது தொட்டி மூடியின் மேல் ஓடு பதித்துவிட்டால் அதற்கும் வழியில்லாமல் போகும். கொத்தனாரிடம் முதல் நாளே மூடியைக் காட்டிவிடுங்கள்.