உதிரப்போகும் இலைக்கு எதற்குச் சிவப்பு?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது நியூ ஹாம்ப்ஷயர். அங்கே அக்டோபர் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் மலைச்சாலைகள் திணறும். லிங்கனுக்கும் கான்வேக்கும் இடையே, வெள்ளை மலைத் தேசிய வனத்தின் ஊடாகப் போகும் கான்கமாகஸ் நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 55 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் அதில் கார்கள் ஊர்ந்துதான் போகும். எல்லாம் இலை பார்க்க வந்த கூட்டம்.

என் தங்கை குடும்பம் அந்த மாநிலத்தின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். காருக்குள் அடைந்து கிடந்து மலையைப் பார்ப்பதைவிட, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுப்பாதையில் இந்த இருவரோடு நடந்தால் இலையுதிர் காலம் நன்றாகப் பிடிபடும் என்பது என் கட்சி. மூன்று வயதுப் பிள்ளை பத்தடிக்கு ஒருமுறை குனிந்து எதையாவது பொறுக்கும். அது பொறுக்கும் ஒவ்வொன்றும், வரப்போகும் குளிருக்கு ஏதோ ஓர் உயிர் செய்துவைத்த ஏற்பாடாக இருக்கும்.

"பெரியம்மா, மரம் ஏன் இவ்ளோ குப்பை போடுது?" என்றாள் பெரியவள்.

நியாயமான கேள்வி. காற்றடிப்பதால் இலை விழுகிறது என்றுதான் பெரியவர்கள் பலரும் நினைக்கிறோம். காற்று கடைசியில் வந்து தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய வேலை முழுவதையும் மரமே பல வாரங்களாகச் செய்து முடித்திருக்கும். அந்த வேலைக்கான முதல் சமிக்ஞை பகலின் நீளம். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். தெற்கு நியூ ஹாம்ப்ஷயரில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் 9 மணி நேரத்துக்கு இறங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் இருட்டு நாளுக்கு நாள் முன்கூட்டியே வருவது கண்கூடாகத் தெரியும். மரமும் அதை உணர்கிறது. இரவுக் குளிர் சேர்ந்ததும் வேலை வேகமெடுக்கிறது.

வேலை என்பது இலையைக் காலி செய்வது. இலையில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மரம் மண்ணிலிருந்து பாடுபட்டு உறிஞ்சியவை. அவற்றில் ஏறக்குறைய பாதியை, பல மரங்களில் அதற்கும் மேலாகவே, இலை விழுவதற்குமுன் கிளைக்கும் தண்டுக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்பவர் தான் மாட்டிய மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போவது மாதிரி.

நைட்ரஜனில் பெரும்பகுதி இருப்பது ஒளிச்சேர்க்கையை நடத்தும் புரதங்களில். அவற்றில் சில பச்சையத்தோடு பிணைந்திருக்கின்றன. புரதத்தை உடைத்து எடுத்தால் பச்சையம் தனித்து நின்றுவிடும். தனித்த பச்சையத்தின்மீது வெயில் பட்டால் ஆபத்து. செல்லையே அரிக்கும் வேதிப்பொருள்கள் உருவாகும். அதனால் மரம் பச்சையத்தைப் படிப்படியாக உடைத்து, நிறமற்ற பொருளாக்கி ஒதுக்கி வைத்துவிடுகிறது. பச்சையத்திலும் நைட்ரஜன் உண்டு. அதை மட்டும் மரம் திரும்ப எடுப்பதில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் இத்தனை பச்சை மறைகிறதே, அது என்னவாகிறது என்பது நெடுநாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பெர்ன்ஹார்ட் க்ராய்ட்லர் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் 1991இல்தான், பார்லி இலையிலிருந்து பிரித்தெடுத்த அப்படிப்பட்ட ஒரு பொருளின் அமைப்பை முதன்முதலாகக் கண்டு சொன்னார்கள். அதே க்ராய்ட்லர் குழு 2008இல் இன்னொன்றையும் வெளியிட்டது. மஞ்சளாகப் பழுத்த வாழைப்பழம் புற ஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிர்கிறது. பழுக்கும்போது தோலில் பச்சையம் உடைந்து உண்டாகும் பொருள்தான் காரணம். நோட்டுச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கு கைவசம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

பச்சை விலகியதும் மஞ்சள் தெரிகிறது. மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டுகள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தவைதான். பச்சை அவற்றை மறைத்திருந்தது. பிர்ச், ஆஸ்பென் போன்ற மரங்களின் மஞ்சளுக்கு இந்த விளக்கமே போதும்.

சிவப்பின் கதை வேறு. செம்மேப்பிளின் சிவப்புக்கும், சர்க்கரை மேப்பிள் நெருப்பு நிறத்தில் நிற்பதற்கும் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. கோடையில் அந்த இலையில் அது பெரும்பாலும் இருக்காது. இலை விழுவதற்குச் சில வாரங்கள் முன்பு, சர்க்கரையைச் செலவழித்து மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று நாட்கள் அமைந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். நம் செம்பருத்தியில் இருப்பதும் இதே குடும்பத்து நிறமிதான். நீரில் கரையும். அன்று மாலை பெரியவள் பொறுக்கிவந்த சிவப்பு இலைகளைக் கிழித்துப் போட்டு வெந்நீரில் ஊறவைத்தோம். பழுப்பு கலந்த இளஞ்சிவப்பில் நீர் இறங்கியது. ஒரு தம்ளரில் எலுமிச்சை பிழிந்ததும் நிறம் பளிச்சென்று எழும்பியது. இன்னொன்றில் சமையல் சோடா போட, பச்சை கலந்த அழுக்கு நிறத்துக்குப் போனது. சின்னவன் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்கவைத்ததோடு ஆராய்ச்சி முடிந்தது.

ஆனால் உதிரப்போகும் இலைக்கு எதற்கு இந்தச் செலவு? ஆராய்ச்சியாளர்கள் இரண்டு அணியாக நின்று சண்டை போடும் இடம் இது.

முதல் அணி சொல்வது: இலை கலைக்கப்படும் காலத்தில் அது வெயிலைத் தாங்காது, உள்ளே வரும் ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் செல் கெடும், ஆந்தோசயனின் அந்த ஒளியில் ஒரு பங்கைத் தடுத்து, ஊட்டச்சத்தை நிதானமாகத் திருப்பி எடுக்க அவகாசம் தருகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபுப் பிறழ்வால் ஆந்தோசயனின் செய்ய முடியாத செடிகளையும் சாதாரணச் செடிகளையும் ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடும் வெயிலிலும் குளிரிலும் சிவக்காத செடிகள் நைட்ரஜனைக் குறைவாகவே மீட்டன.

இரண்டாவது அணியின் முன்னோடி டபிள்யூ. டி. ஹாமில்டன், பரிணாம உயிரியலில் பெரிய தலை. அவர் சாம் பிரவுனுடன் எழுதிய கட்டுரை அவர் மறைந்தபின் 2001இல் வந்தது. இலையுதிர் காலத்தில்தான் அசுவினிப் பூச்சிகள் முட்டையிட மரம் தேடி வருகின்றன. பளீரென்று நிறம் மாறும் மரம், ‘என்னிடம் எதிர்ப்பு வலுவாக இருக்கிறது, வேறிடம் பார்’ என்று எச்சரிக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்க அழகான வாதம். அசுவினிக்குச் சிவப்பைத் தனி நிறமாகப் பார்க்கும் கண்ணே இல்லை என்ற மறுப்பு உடனே எழுந்தது. அதற்கும் பதில் இருக்கிறது: பூச்சிக்குச் சிவப்பு தெரியவேண்டியதில்லை, பச்சையோ மஞ்சளோ தெரியாமல் இருந்தாலே போதும்.

இன்னொரு புதிர். கிழக்கு ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் சிவக்கும் மரங்கள் ஏராளம்; வட ஐரோப்பாவில் பெரும்பாலும் மஞ்சள்தான். 2009இல் லெவ்-யாதுன், ஹோலோபைனன் என்ற இருவர் இதற்கு மலைகளைக் காரணம் காட்டினார்கள். வட அமெரிக்க மலைத்தொடர்கள் வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. பனியுகங்களில் மரங்களும் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் தெற்கே நகர்ந்து பிழைத்தன. பழைய பகையும் தொடர்ந்தது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் கிழக்கு மேற்காகக் குறுக்கே நிற்கிறது. தப்பிக்க வழியில்லாமல் பல மர இனங்கள் தம் பூச்சிகளோடு அழிந்தன. மிஞ்சியவற்றுக்குச் சிவப்பின் தேவை போய்விட்டது என்கிறார்கள். துணிச்சலான கருத்து. எனக்கென்னவோ விஸ்கான்சின் செடிகளின் சாட்சியம்தான் கூடுதல் கனமாகத் தெரிகிறது.

நிறத்தோடு கதை முடிவதில்லை. காம்பு கிளையைத் தொடும் இடத்தில் மெல்லிய செல்களால் ஒரு பிரிவுப்படலம் இருக்கிறது. இலை நலமாக இருக்கும்வரை அதிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் அந்தப் படலத்தை அமைதியாக வைத்திருக்கும். ஆக்சின் வரத்து குறைந்து எத்திலீனின் கை ஓங்கியதும் செல்களுக்கு இடையிலான பசை கரைகிறது. அதற்குக் கீழே மரம் தக்கைபோன்ற அடுக்கால் காயத்தை மூடிவிடுகிறது. கீழே கிடக்கும் மேப்பிள் இலையின் காம்பு நுனியைத் தடவிப் பாருங்கள்; பிய்த்த பிசிறு இருக்காது, வழவழப்பாக இருக்கும். கிளையிலும் அதற்கு ஈடான தழும்பு தெரியும். அதற்குள் சிறு புள்ளிகள் மூன்று. தண்ணீரும் சர்க்கரையும் போய்வந்த குழாய்களின் தடம். தழும்புக்குச் சற்று மேலே, அடுத்த வசந்தத்துக்கான மொட்டு இப்போதே தயாராக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே அதைப் பார்த்த பிறகு பெரியவள் குப்பை என்ற பேச்சை எடுக்கவில்லை.

நம் கடற்கரை ஊர்களின் நாட்டு வாதுமையும் இலை உதிர்க்குமுன் சிவக்கும். அங்கே தூண்டுவது கடுங்குளிர் அல்ல, அவ்வளவே.

சின்னவனுக்கு இலையில் அக்கறையில்லை. அவன் சட்டைப்பை நிறைய ஓக் கொட்டை. வீட்டுக்கு வந்ததும் அவற்றை ஒரு வாளித் தண்ணீரில் போட்டோம். மூழ்கியவை பெரும்பாலும் நல்லவை. மிதந்தவற்றில் பல சொத்தை. மிதந்த கொட்டை ஒன்றில் பென்சில் முனை அளவுக்கு வட்டமான துளை. கோடையில் மூக்கு வண்டு ஒன்று கொட்டையைத் துளைத்து உள்ளே முட்டை வைத்திருக்கிறது. பருப்பைத் தின்று கொழுத்த புழு, கொட்டை விழுந்தபின் துளைபோட்டு வெளியேறி மண்ணுக்குள் போய்விட்டது.

அணில்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவையே இல்லை. சாம்பல் அணில் கொட்டையை எடுத்துத் தலையை ஆட்டிப் பார்க்கும். வெள்ளை ஓக்கா, சிவப்பு ஓக்கா என்றும் பிரித்தறியும். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த அதே இலையுதிர் காலத்தில் முளைவிடும். புதைத்து வைத்தால் கைக்குக் கிடைக்காது. ஆகவே அதை அங்கேயே தின்றுவிடும், அல்லது முளைக்கருவைக் கடித்தெறிந்துவிட்டுப் புதைக்கும். சிவப்பு ஓக் கொட்டை வசந்தம்வரை தூங்கும். அதை அப்படியே புதைக்கலாம். புதைத்து மறந்தவை மரமாகும்.

ஓக் மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் கொட்டித் தீர்க்கும். தின்பவர்கள் தின்று தீராத அளவுக்குக் கொட்டினால்தான் மிச்சம் முளைக்கும். ஆனால் அந்த விருந்தின் பலன் பிள்ளைகளின் கால்வரை வந்து சேர்கிறது. கொட்டை மலிந்தால் அடுத்த கோடையில் எலி பெருகும். மான்கள் ஓக் அடியில் கூடி உண்ணிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். குஞ்சு உண்ணிகள் எலியின் ரத்தத்தில் லைம் நோய்க் கிருமியைப் பெறும். அதற்கடுத்த ஆண்டு மனிதர்களைக் கடிக்கும். நியூயார்க் மாநிலத்தின் ஓக் காடுகளில் இந்தச் சங்கிலியை விவரித்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. நோய்க்குப் பெயர் கொடுத்தது பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊர்.

வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் காட்டிலிருந்து திரும்பியதும் தங்கை வீட்டில் குளியலறைச் சோதனை கட்டாயம்: காதுமடல், அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி. உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் இறங்கும். அன்றன்றைக்குப் பார்த்து, கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டால் பயம் குறைவு. பிள்ளைகளுக்கு இதுவும் விளையாட்டுத்தான். கூச்சத்தில் நெளிந்து சிரிக்கிறார்கள்.

பாதையில் இன்னொரு நண்பரும் குறுக்கிட்டார். இரு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை போட்ட கம்பளிப்பூச்சி. முருங்கை மரத்து அனுபவத்தில் நான் ஓரடி பின்வாங்கினேன். இதற்கு அந்த நச்சு முடிகள் கிடையாதாம். நடுப்பட்டை அகலமாக இருந்தால் குளிர் இதமாக இருக்கும், குறுகினால் கடுமையாக இருக்கும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கர்ரன் 1948இல் பேர் மவுண்டன் பகுதிக்குப் போய்ச் சில புழுக்களைப் பிடித்துப் பழுப்புக் கணுக்களை எண்ணி, இதமான குளிர் என்று கணித்தார். அது பலித்தும்விட்டது, செய்தித்தாள்கள் விடுமா? பிடித்த புழுக்கள் மிகச் சிலவே என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. உண்மையில் பட்டை புழுவின் வயதோடு அகலமாகிறது. அதாவது போன வசந்தம் எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதைத்தான் அது ஓரளவு காட்ட முடியும். புழுவின் நிஜத் திறமை வேறு. கிளிசரால் என்ற பொருளை உடலில் நிரப்பிக்கொண்டு, இலைக்குப்பைக்கு அடியில் உறைந்தே கிடந்து, வசந்தத்தில் உருகி எழுந்து நடக்கும்.

அந்த இலைக்குப்பைதான் இங்கே எல்லோருக்கும் குளிர்காலக் கூரை. லூனா அந்துப்பூச்சி இலையைச் சுற்றிக் கூடு கட்டி அதோடு தரையில் கிடக்கிறது. பம்பிள் தேனீயின் ராணி இலைக்கு அடியில் மண்ணுக்குள் சில அங்குலம் புதைந்து உறங்குகிறது. மண்புழு உழவனின் நண்பன் என்று படித்த நமக்கு இன்னொரு செய்தி வியப்பாக இருக்கும்: பனியாறு மூடியிருந்த இந்த நிலத்தில் பனி விலகிய பிறகு மண்புழுவே இல்லை. ஐரோப்பியர்களின் செடிகளோடும் மண்ணோடும் பின்னால் வந்தவை அவை. இலைமெத்தையை வேகமாகத் தின்று தீர்ப்பதால் இந்தக் காடுகளுக்கு அவை தொல்லை.

ஆகவே, இலைகளை விட்டுவையுங்கள் என்று அமெரிக்காவின் ஜெர்சஸ் சங்கம் என்ற பூச்சிப் பாதுகாப்பு அமைப்பு ஆண்டுதோறும் பிரசாரம் செய்கிறது. ஆனால் புல்தரையில் ஓர் இலை கிடந்தாலும் அக்கம்பக்கத்தில் முகம் சுளிக்கும் ஊர் தங்கையுடையது. தங்கை கணவர் ஞாயிறு காலை வாருகோலோடு இறங்கி மார்பளவுக்கு ஒரு குவியல் சேர்த்தார். இரண்டு பிள்ளைகளும் ஓடிவந்து குதித்து அதைத் துவம்சம் செய்தார்கள். மறுபடி வாரினார், மறுபடி குதித்தார்கள். கடைசியில், வாரியதைப் பையில் கட்ட வேண்டாம், வேலியோரம் ஓக் அடியிலேயே போட்டுவிடலாம் என்றேன். பூச்சிகளுக்காக எல்லாம் அவர் சம்மதிக்கவில்லை. பைகளைக் கட்டித் தெருவுக்கு இழுத்துப்போகும் வேலை மிச்சம் என்றதும் வாருகோலை என் கையில் கொடுத்துவிட்டார்.