முட்டையிடாத கோழியும் எஸ்1 மரபணுவும்

ஜொகூரின் குளுவாங், பத்து பஹாட் வட்டாரங்களின் கோழிப் பண்ணைகள் உள்ளூர்ச் சந்தையோடு பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரின் தேவையையும் நம்பியிருப்பவை. இத்தகைய தொழிலை ஓசையின்றி அரிக்கக்கூடிய நோய்களில் ஒன்று, பண்ணையாளர்கள் 'ஐபி' என்று சுருக்கிச் சொல்லும் தொற்று மூச்சுக்குழல் அழற்சி ஆகும். மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ்கள் 1960களில்தான் அறியப்பட்டன என்றால், கோழிகளுக்குரிய இந்தக் கொரோனா வைரஸ் உண்டாக்கும் நோய் 1931இலேயே அமெரிக்காவின் வட டகோட்டாவில் விவரிக்கப்பட்டுவிட்டது. 2019க்குப் பிறகு கொரோனா என்ற பெயரைக் கேட்டாலே மிரள்வோர் பலர். ஆனால் கோழிகளுக்குரிய இந்த வைரஸ் மனிதரைத் தாக்குவதில்லை.

ஏறத்தாழ 27,600 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏவே இதன் மரபுத்தொகுதி. வைரஸின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் முள்புரதத்தின் முன்பாதியை உருவாக்கும் எஸ்1 என்னும் பகுதியே அதில் மிகுதியாக மாறுவது; கோழியின் நோயெதிர்ப்புப் பொருள்கள் முதன்மையாகப் பற்றிக்கொள்வதும் அதையே. ஆகவே அங்கு நேரும் மாற்றம் சிறிதாயினும் ஒரு வகைக்கு எதிராகப் போட்ட தடுப்பு மருந்து மற்றொன்றிடம் தோற்றுப்போகலாம். இரு வகை வைரஸ்கள் ஒரே உயிரணுவுக்குள் புகும்போது அவற்றின் மரபுத் துண்டுகள் இடம்மாறிப் புதிய கலப்பு வைரஸ் பிறப்பதும் உண்டு. உயிருள்ள தடுப்பு மருந்திலுள்ள வைரஸும் இக்கலப்பில் பங்கேற்கக்கூடும் என்பதே இத்துறையின் சங்கடம்.

மலேசியாவில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டியது, 2009இல் வெளிவந்த மலேசியா புத்ரா பல்கலைக்கழக ஆய்வு. 1995ஆம் ஆண்டைச் சேர்ந்த எம்எச்5365/95, 2004ஆம் ஆண்டைச் சேர்ந்த வி9/04 என்னும் இரு வைரஸ்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், முன்னது மலேசியாவுக்கே உரிய தனி வகை என்றும், பின்னது சீனா, தைவான் வகைகளுக்கு உறவானது என்றும் கண்டனர். 1990களின் நடுவில் சீனாவில் அறியப்பட்டு, பின்னர் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவிய கியூஎக்ஸ் வகையைச் சேர்ந்த வைரஸ்களும் மலேசியக் கோழிகளில் அடையாளம் காணப்பட்டுள்ளன. 2016இல் வகுக்கப்பட்ட உலகப் பட்டியலில் ஆறு மரபுவகைகளும் 32 கிளைகளும் இடம்பெற்றன.

ஆய்வகத்தில் இவ்வைரஸைப் பிடிக்கும் பழைய வழி இன்றும் பயன்படுகிறது. நோயுற்ற கோழியின் மூச்சுக்குழல், சிறுநீரகத் துண்டுகளை அரைத்து வடித்த நீரை ஒன்பது முதல் பதினோரு நாள் வளர்ந்த கருமுட்டையில் செலுத்திச் சில நாள்களுக்குப்பின் ஓட்டை உடைத்தால், உள்ளிருக்கும் குஞ்சு வளர்ச்சி குன்றி, பந்துபோல் சுருண்டு கிடக்கும். ஆனால் வைரஸ் இருக்கிறது என்பதோடு அச்சான்று நின்றுவிடுகிறது. அது காட்டு வைரஸா, சென்ற வாரம் பண்ணையில் தெளித்த மருந்தின் எச்சமா என்பதைப் பிரித்தறிய எஸ்1 வரிசையைப் படித்தாக வேண்டும்.

பண்ணைக்கு மருந்து தேர்வதும் இதைப் பொறுத்தே அமைகிறது. நெடுங்காலமாகப் புழங்கும் எச்120 என்னும் மசாசூசெட்ஸ் வகை மருந்து தனித்துக் கொடுக்கப்படும்போது கியூஎக்ஸ் வகைக்குப் போதிய காவலாவதில்லை. அதனுடன் 4/91 என்னும் மற்றொரு வகையைச் சேர்த்துக் கொடுத்தால் காப்பின் வீச்சு விரிகிறது. பிறந்த முதல் வாரங்களில் கியூஎக்ஸ் தாக்கிய பெண்குஞ்சு பிழைத்தாலும், அதன் கருமுட்டைக் குழாய் சிதைந்து நீர் கோத்துக்கொள்வதால், வளர்ந்தபின் வயிறு தொங்க நிமிர்ந்து நடக்கும். கொண்டை சிவந்து, மற்றக் கோழிகளைப் போலவே தீவனம் தின்னும், முட்டை மட்டும் இடாது. முட்டைப் பருவம் தொடங்கி எண்ணிக்கை குறையும்போதுதான் பண்ணையாளருக்கு இது தெரியவரும். அதற்குள் குஞ்சுப் பருவத்தில் நுழைந்த வைரஸைத் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் இயலாததாகிவிடும்.