எந்தப் பாகத்தில் தொடங்குவது?

கோடை விடுமுறைக்கு என் தமக்கையின் மகன் சென்னையிலிருந்து காரைக்கால்மேட்டுக்கு வந்திருந்தான். வரும்போதே ஒரு சிறு பெட்டியையும் கையோடு கொண்டு வந்தான். அதைத் தொலைக்காட்சியோடு பொருத்திவிட்டுக் காலையில் உட்கார்ந்தானானால், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனை மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. ‘மெட்டல் கியர்’ என்று ஒரு வீடியோ கேமாம். அது ஒரே ஓர் ஆட்டம் அன்று. 1987-ஆம் வருஷம் முதல் கோஜிமா என்னும் ஜப்பானியர் ஒன்றன்பின் ஒன்றாகப் படைத்து வந்த நீண்ட கதைத் தொடர்.

“இதில் எதை முதலில் ஆடுவது என்பதே பெரிய தகராறு, மாமா” என்றான்.

“அதில் என்னப்பா தகராறு? முதலில் வந்ததை முதலில் ஆடுவதுதானே?”

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு பொறுமையோடு விளக்கினான். 1998-இல் வந்த ஆட்டத்தின் கதை 2005-இல் நடப்பதாகக் கற்பனை. ஆனால் 2004-இல் வெளிவந்த மூன்றாவது ஆட்டத்தின் கதையோ 1964-இல் நடக்கிறது. கதையின் காலத்தைப் பார்த்துப் போனால் பின்னால் வந்ததை முன்னால் ஆட வேண்டும். வெளிவந்த வரிசையைப் பார்த்துப் போனாலோ பேரனுக்குப் பிறகு பாட்டனார் பிறக்கிறார். இரண்டு கட்சிக்கும் ஆட்கள் உண்டாம். இரவெல்லாம் வாதாடுகிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இருபது வருஷ காலமாக நான் பள்ளிக்கூடத்தில் இதே கேள்விக்குத்தான் விடை சொல்லி வருகிறேன். ஜப்பானியருக்கு முன்பே நம்முடைய கல்கி அவர்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்தச் சங்கடத்தை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விஷயம் நேயர்களில் பலருக்குத் தெரிந்ததே. ‘பார்த்திபன் கனவு’ 1941-இல் ‘கல்கி’ பத்திரிகையில் தொடங்கியது. காஞ்சியில் மாமல்ல நரசிம்மவர்மர் ஆண்ட காலத்தில், உறையூரில் சிற்றரசனாக இருந்த ஒரு சோழனுடைய கதை அது. அதற்குப் பிறகு 1944 முதல் 1946 வரையில் ‘சிவகாமியின் சபதம்’ வந்தது. இதில் மாமல்லர் வாலிபராயிருக்கிறார். அவருடைய தந்தை மகேந்திர பல்லவர் சிங்காதனத்தில் வீற்றிருக்கிறார். அதாவது பின்னால் எழுதிய கதை முன்னால் நடந்த கதை. பிறகு 1950-இல் ஆரம்பித்து 1954 வரையில் ‘பொன்னியின் செல்வன்’. இது பல்லவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியது, ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல்.

இந்த மூன்றையும் மேஜை மீது அடுக்கிவைத்து, “எதை முதலில் படிக்கட்டும், சார்?” என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, கேட்பவன் சாதாரணமாகத்தான் கேட்கிறான். பதில் சொல்பவன் சாதாரணமாகச் சொல்லிவிடக் கூடாது. அதை நான் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் உபாத்தியாயராகச் சேர்ந்த புதிதில், சரித்திரப் பாடத்தில் நல்ல ஆசை கொண்ட ஒரு மாணாக்கன் இருந்தான். கட்டுமரத்தில் தகப்பனாரோடு போய்வந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பையன். “கால வரிசைப்படி படிப்பதுதான் முறை” என்று உபதேசம் செய்து, அவன் கையில் ‘சிவகாமியின் சபத’த்தைக் கொடுத்தேன். பட்டம் பெற்றுவந்த கர்வம் எனக்கு, எல்லாவற்றையும் கி.பி. வரிசையில் அடுக்கிவிட வேண்டும். பையன் முதல் பாகத்தை முடித்தான். இரண்டாம் பாகமான ‘காஞ்சி முற்றுகை’யில் அவனும் முற்றுகையிடப்பட்டவன் போலவே சிக்கிக்கொண்டான். ஒற்றர்களும் ஓலைகளும் மகேந்திர வர்மரின் ராஜதந்திரமும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஒரு மாதம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பின்பு வேறொரு கதைப் புத்தகத்தையும் அவன் என்னிடம் கேட்கவில்லை. இப்பொழுது அவனுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். வழியில் கண்டால் வணக்கம் சொல்லுகிறான். “ஏதாவது படிக்கிறாயா?” என்று கேட்க எனக்குத்தான் தைரியம் வருவதில்லை.

‘சிவகாமியின் சபதம்’ மட்டமான புத்தகம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மூன்றில் மனத்தை மிகவும் உருக்குவது அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதன் தொடக்கத்தில் காஞ்சியை நோக்கி நடந்து வருகிறானே பரஞ்சோதி, அவனுடைய ஊரான திருச்செங்காட்டாங்குடி எங்களுக்கு அயலூர்; திருமருகல் பக்கத்தில் இருக்கிறது. வாதாபியை அழித்த சேனாபதியே பிற்காலத்தில் சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்று இந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள்கூடச் சொல்லுவார்கள். ஆனால் அந்தக் கதையின் துயரம் முழுவதும் உள்ளே இறங்க வேண்டுமானால், வாசகருக்கு ஒரு சிறு முன்னறிவு வேண்டும். அந்த முன்னறிவைக் கொடுப்பது, முதலில் எழுதப்பட்ட ‘பார்த்திபன் கனவு’.

எப்படி என்கிறீர்களா? ‘பார்த்திபன் கன’வில் குந்தவி என்று ஒரு ராஜகுமாரி வருகிறாள். மாமல்லருடைய அருமை மகள். அவளுடைய துடுக்கையும் அவள் தந்தையிடம் கொண்ட உரிமையையும் கண்டு மகிழ்ந்துவிட்டுப் பிறகு ‘சிவகாமியின் சபத’த்தைத் திறந்தால், மாமல்லரும் சிவகாமியும் தாமரைக் குளத்தங்கரையில் பேசும் ஒவ்வொரு பேச்சின் நடுவிலும் ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்: ‘அந்தக் குந்தவியின் தாயார் யார்?’ காலவரிசைக்காரர்களுக்கு அந்த முள் கிடையாது. அவர்கள் கதையின் முடிவை முடிவில்தான் அறிவார்கள். எழுத்து வரிசைக்காரர்களோ முதல் பாகத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்குவார்கள். முன்கூட்டித் தெரிந்துவிட்டால் சுவை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள், நம் நாட்டில் ராமாயணக் கதையைத் தெரியாதவர் யாரும் ராமாயணப் பிரசங்கம் கேட்கப் போவதில்லை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘பார்த்திபன் கன’வில் ஜடாமுடியும் வெண்ணீறுமாக ஒரு சிவனடியார் வந்து போகிறார். அவர் யார் என்பதுதான் அந்தக் கதையின் ஜீவநாடி. மற்றப் புத்தகத்தை முதலிலேயே படித்து முடித்தவர்கள், அந்தச் சிவனடியார் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் புன்னகை செய்துவிடுவார்கள். இதற்கு மேல் நான் சொன்னால் புது வாசகர்களின் சாபத்துக்கு ஆளாவேன்.

புத்தகமும் சிறியது. மூன்றே பாகம், அவையும் சின்னப் பாகங்கள். காவிரிக் கரையில் படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் இருக்கிற குடிசையில் கதை ஆரம்பமாகிறது. ராஜாக்களின் வம்சாவளி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. படகோட்டிக்குத் தெரிந்த அளவு தெரிந்தால் போதும். பார்த்திப மகாராஜா போருக்குப் புறப்படுமுன் தம் மகன் விக்கிரமனை இரகசியமான சித்திர மண்டபத்துக்கு அழைத்துப் போய்த் தம் கனவுகளைக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. புலிக்கொடி பறக்கும் கப்பல்கள், கடல் கடந்த நாடுகள்! கப்பம் கட்டிக் குனிந்திருக்கும் ஒரு சிறிய நாட்டின் அரசன் தன் கையாலேயே தீட்டிவைத்த படங்கள். கல்கி அவர்கள் இதை எழுதிய 1941, 1942-ஆம் வருஷங்களில் இந்தத் தேசம் யாருக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தக் கனவு முந்நூறு வருஷத்துக்குப் பிறகு ராஜராஜன் காலத்திலும் ராஜேந்திரன் காலத்திலும் பலித்தது என்று சொல்லித்தான் அந்தக் கதை முடிகிறது. அந்த வரியிலிருந்து ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பாலம் போட்டாயிற்று.

ஆகவே என் விதி: எழுதிய வரிசையிலேயே படிக்க வேண்டும். ஆசிரியர் நடந்த பாதையில் நாமும் நடந்தால், எங்கே குண்டு, எங்கே குழி என்பதை அவர் நமக்கு முன்பே பார்த்துவைத்திருப்பார்.

சிலருக்கு நேரே ‘பொன்னியின் செல்வன்’தான் வேண்டும். 2022-லும் 2023-லும் மணிரத்னம் அவர்களின் ஸினிமா இரண்டு பாகமாக வந்த பிறகு இப்படிக் கேட்பவர் பெருகிவிட்டார்கள். தாராளமாகப் படிக்கலாம், மற்ற இரண்டும் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. ஸினிமாவைப் பார்த்துவிட்டோமே என்று முதல் பாகத்தைத் தாண்டிப் போவதுதான் குற்றம். கந்தமாறனின் தங்கை மணிமேகலையைப் படத்தில் தேடினால் காண முடியாது. அந்தப் பேதைப் பெண்ணை அறியாமல் ஐந்தாம் பாகத்துக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாயிருக்கிறது.

முதல் பாகத்தில் பெயர்க் குழப்பம் உண்டு என்பது மெய்தான். பல்லவ குமாரி குந்தவி போய்ச் சோழ குமாரி குந்தவை வருகிறாள். பார்த்திபன் போய்ப் பார்த்திபேந்திரன் வருகிறான். கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர் என்று யாருக்கு யார் பிள்ளை என்பதே தலையைச் சுற்றும். என் மாணாக்கர்களுக்கு நான் சொல்லும் உபாயம் ஒன்றுதான்: வந்தியத்தேவனுடைய குதிரையின் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறானே, அவனுக்கும் சோழ நாடு புதிது. அவனுக்கும் யாரையும் தெரியாது. அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது நாமும் தெரிந்துகொள்ளலாம். அவன் விழிக்கும்போது நாமும் விழிக்கலாம். குடந்தையில் சோதிடர் வீட்டுக்குப் பிறகு, அரிசிலாற்றங்கரையில் செத்த முதலையின் மீது வேலை எறிந்து அவன் அசடு வழிகிற இடத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் புத்தகத்தை யாரும் கீழே வைக்க மாட்டார்கள். அந்த அரிசிலாறுதான் எங்கள் காரைக்காலில் கடலோடு கலக்கிறது. “அவன் நின்ற ஆற்றின் தண்ணீர் இதுவேதான்” என்று நான் வகுப்பில் சொல்லும்போது, கடைசிப் பெஞ்சிலிருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இவ்வளவு விதி வகுத்துவைத்திருந்த எனக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் பாடம் கற்பித்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. மீனவர் தெருவைச் சேர்ந்தவள். நூல் நிலையத்தில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் யாரிடமோ போயிருந்ததாம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றை எடுத்துப் போய்விட்டாள். நான் கேள்விப்பட்டதும், ‘போயிற்று, இன்னொரு காஞ்சி முற்றுகை’ என்று பயந்தேன்.

மறுநாள் அவள் வந்து கேட்டாள்: “சார், கோடிக்கரையில் தனியாகப் படகு வலிக்கிறாளே பூங்குழலி, அவளைத் தேடி ஒருவன் வருகிறானே, அவன் எங்கிருந்து வருகிறான்?”

இரண்டாம் பாகம் கோடிக்கரைக் கடலில் பூங்குழலியோடுதான் தொடங்குகிறது என்பதை நான் மறந்தே போனேன்! இவளுக்கு அது தெரிந்த கடல். இவள் தகப்பனாரும் சிற்றப்பாவும் போய்வரும் கடல். எல்லை தாண்டினார்கள் என்று பிடிபடுவார்களோ என்று இன்றும் வீட்டில் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு காத்திருக்கும் கடல். வந்தியத்தேவனைத் தெரியாவிட்டால் என்ன? பூங்குழலியை அவளுக்கு நேற்றிலிருந்தே தெரியும். ஒரு வாரத்தில் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு, “அவன் யார் என்று பார்க்க வேண்டும்” என்று முதல் பாகத்துக்குப் போனாள். யோசித்துப் பார்த்தால் 1950-க்குப் பிறகு பத்திரிகையில் வாராவாரம் படித்தவர்களிலும் எத்தனையோ பேர் இப்படி நடுவில் ஏறினவர்கள்தாமே! அந்த நாளில் காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி அவர்கள் காலமானார்கள்.

அந்தப் பெண் இரவில் தன் பாட்டிக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாளாம். ஐந்தாம் பாகத்தில் நாகைப்பட்டினத்தில் புயலடித்துக் கடல் ஊருக்குள் புகும் இடம் வந்தது. கிழவி கையை நீட்டிப் புத்தகத்தை மூடிவிட்டாள். “இது வேண்டாம்டி. தாண்டிப் படி” என்றாளாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காரைக்கால்மேட்டில் என்ன நடந்தது என்பது அந்தப் பெண்ணுக்குக் கேள்விதான், கிழவிக்கு அப்படியல்ல. பேத்தி தாண்டிப் படித்தாள். பிறகு தனியாக உட்கார்ந்து அந்த அத்தியாயங்களைத் தனக்காக மட்டும் படித்துக்கொண்டாள்.

தமக்கை மகனுக்கு நான் ‘பார்த்திபன் கன’வைத்தான் கொடுத்தேன். இரண்டு நாள் அது பெட்டியின் மேல் கிடந்தது. மூன்றாம் நாள் மின்சாரம் போயிற்று. சாயங்காலம் மின்சாரம் வந்த பிறகும் அவன் சித்திர மண்டபத்திலிருந்து வெளியே வரவில்லை. ஊருக்குப் புறப்படும்போது, “அந்தச் சாமியார் யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மாமா” என்று எச்சரித்துவிட்டுப் போனான். ஜப்பானியர் ஆட்டத்தில் அவன் எந்தக் கட்சியில் சேர்ந்தான் என்பதைக் கேட்க மறந்துவிட்டேன்.

மீனவர் தெருப் பெண் இப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு. கல்கி முடிந்தது, அகிலனின் ‘வேங்கையின் மைந்த’னும் முடிந்தது. போன வாரம் பாலகுமாரனின் ‘உடையார்’ வேண்டுமென்று வந்தாள். அது ஆறு பாகம். நூல் நிலையத்தில் மூன்றாம் பாகம் மட்டும் இருக்கிறதாம். எடுக்கலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்று சொல்லியனுப்பினேன்.