அட்டை அடித்த பின் செய்யும் வேலைக்குக் கூலி இல்லையா?

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, ஸ்காபரோவில் உள்ள உணவகமொன்றின் சமையற்கட்டில் வேலை செய்யும் தம்பி ஒருவர் மனைவியுடன் எமது வீட்டுக்கு வந்திருந்தார். அகதிக் கோரிக்கை தொடர்பாக வந்த கடிதத்திற்கு விளக்கம் கேட்பதே வருகையின் நோக்கம். கடிதத்துடன் அவரது சம்பளத் துண்டும் இருந்தது. வாரத்திற்கு 44 மணித்தியாலம் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது.

"அதிலை இருக்கிற கணக்குச் சரியில்லை, மாஸ்டர்" என்றார் மனைவி. காலையில் நேர அட்டையை அடிக்கும் முன் கால் மணி நேரம் மரக்கறி வெட்டவேண்டும். இரவில் அட்டையை அடித்த பின் கால் மணி நேரம் தரை கழுவவேண்டும்.

"அரை மணித்தியாலந்தானே, அதைப் போய்க் கேட்கலாமோ?" என்றார் தம்பி. முதலாளியும் எம்மவரே. வந்திறங்கிய புதிதில் வேலை தந்தவர். அந்த நன்றிக்கடன் தம்பியின் வாயைக் கட்டியிருந்தது.

ஊரில் கரும்பலகையில் எழுதியதுபோல ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஆறு நாட்களுக்கு அரை மணி வீதம் வாரம் 3 மணித்தியாலம். ஒன்ராறியோச் சட்டப்படி, வாரத்தில் 44 மணித்தியாலத்திற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கவேண்டும். 2025 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி 17 டொலர் 60 சதம். அதன் ஒன்றரை மடங்கு 26 டொலர் 40 சதம். வாரத்திற்கு 79 டொலர் 20 சதம். ஐம்பது வாரங்களுக்கு 3,960 டொலர்! தம்பி அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில தொழில்களுக்கும், மேலாளர் பதவியில் இருப்போருக்கும் மேலதிக நேர விதியில் விலக்கு உண்டு. ஆயினும் பெரும்பாலான மணிக்கூலித் தொழிலாளருக்கு அது பொருந்தும். "நான் செய்யச் சொல்லவில்லை", "முன்அனுமதி பெறவில்லை" என்று முதலாளி கூறித் தப்பிக்கொள்ள இயலாது. வேலை நடைபெற அவர் இடங்கொடுத்திருந்தால் அது வேலை நேரமே. "மேலதிக நேரக் கூலி வேண்டாம்" என்று தொழிலாளி கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் அக்கையொப்பம் செல்லாது.

இந்த அனுமதிப் பிரச்சினையிற் பெரிய வங்கியொன்றே சிக்கியது. 2007இல் ரொறன்ரோவில் டாரா பிரெஸ்கோ என்ற வங்கி ஊழியர், ஊதியமில்லா மேலதிக நேரத்திற்காக சி.ஐ.பி.சி. வங்கிமீது சக ஊழியர்கள் சார்பிலும் வழக்குத் தொடர்ந்தார். வங்கிகளுக்குரியது மத்திய அரசின் சட்டம். முன்அனுமதி பெற்றாலே மேலதிகக் கூலி என்ற வங்கியின் விதி அச்சட்டத்திற்கு முரணானது என 2020இல் தீர்ப்பாயிற்று. 2022இல் மேன்முறையீட்டிலும் தொழிலாளர் பக்கமே வென்றது. 2023இல் 153 மில்லியன் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட வழக்கு அது.

எம்மவரைத் தடுப்பது சட்ட அறியாமை மட்டுமன்று, அச்சமுமே. அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கும்போது வாய்திறந்தால் கோப்புக் கெட்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். செய்த வேலைக்கான கூலி, குடியுரிமை பெற்றவருக்கு மாத்திரம் உரியதன்று. கூலியைக் கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்குவதையும் பயமுறுத்துவதையும் சட்டம் தடைசெய்கின்றது. கையிற் காசாகச் சம்பளம் கொடுப்பினும் சம்பள விபரத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். தொழில் அமைச்சிடம் முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் கூலி கொடுபடவேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும்.

உடனே முறைப்பாட்டுக்குப் போகும்படி நான் தம்பியிடம் கூறவில்லை. "முதலில் எழுதி வையுங்கள்" என்றேன். உணவகத்திற்குள் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், இடைவேளை ஆகியவற்றை அன்றன்றே திகதியிட்டுக் குறிக்கவேண்டும். சம்பளத் துண்டுகளை எறியாது சேர்த்து வைக்கவேண்டும். முதலாளியின் பதிவு பிழையாயின், அக்குறிப்பே தொழிலாளியின் சான்று.

மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டி சமையலறைச் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் இரண்டு நேரங்கள் மனைவியின் கையெழுத்தில் இருந்தன.

வேலை தந்தவருக்கு நன்றி செலுத்துவது எமது பண்பு. அந்த நன்றியை உழைப்பாலும் நேர்மையாலும் செலுத்துவோம். பிள்ளைகளின் பால்காசால் செலுத்தவேண்டியதில்லை.