பத்தாம் வகுப்பிற்கு முன்பே வழிகாட்டுதல்

பத்தாம் வகுப்பிற்குப் பின் மாணவர் தேர்ந்தெடுக்கும் பாடப்பிரிவு, அவரது எதிர்காலத் தொழிலின் எல்லையைப் பெரிதும் வகுத்துவிடுகிறது. கணிதத்தைக் கைவிடுபவருக்குப் பொறியியற் கல்லூரியின் கதவு பெரும்பாலும் அடைபடுகிறது. தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் கடற்படை, விமானப்படைப் பிரிவுகளில் சேர இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் தேவை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் இதை அறிவதால் பயனில்லை.

இத்தேவையை நமது கல்விக் குழுக்கள் முன்னரே உணர்ந்திருந்தன. டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பள்ளிகளில் வழிகாட்டும் பணியை வலியுறுத்தியது. கோத்தாரிக் குழு (1964-66), அப்பணி தொடக்கப் பள்ளியிலிருந்தே கல்வியின் அங்கமாக விளங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

வழிகாட்டுதல் என்பது, இன்னதைப் படி என்று ஆணையிடுவதன்று. மாணவரின் நாட்டம், திறன், குடும்பத்தின் பொருள்நிலை ஆகியவற்றை அறிந்து, உள்ள வழிகளை விளக்கி, முடிவை அவரிடமே விடுவதாகும். எடுத்துக்காட்டாக, பத்தாம் வகுப்பிற்குப் பின் பாலிடெக்னிக்கில் பயின்று பட்டயம் பெறுபவர், பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வாய்ப்புண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழிற்சாலையில் பயிற்சி பெறலாம். மேற்படிப்புச் செலவுக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு இச்செய்திகள் பெரிதும் பயன்படும்.

படித்த பெற்றோரின் பிள்ளைகள் இவற்றை வீட்டிலேயே கேட்டறிகின்றனர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருபவருக்கோ பள்ளியைத் தவிர வேறு துணையில்லை. எனவே, ஒன்பதாம் வகுப்பிலேயே இவற்றை எடுத்துரைக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரேனும் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் இருத்தல் இன்றியமையாதது.