சிவப்பு இலைக்குள் ஒளிந்திருக்கும் பச்சை

கண்ணுகளா, ஒரு கேள்வி கேட்கட்டுமா? இலை என்ன நிறம்?

"பச்சை!" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டீர்கள். சபாஷ். ஆனால் நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே ஒரு செடி நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? ஓர் இலை கருஞ்சிவப்பு. இன்னொன்று நடுவில் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். அதன் பெயர் கோலியஸ். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஈரமும் நிழலும் உள்ள இடங்கள்தான் அதற்குத் தாய்வீடு. அதன் பூ சிறியது. அழகெல்லாம் இலையில்தான்.

"பச்சை இலைதானே உணவு தயாரிக்கும்? இந்தச் செடி எப்படிப் பிழைக்கிறது?" என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. அருமையான கேள்வி! இப்படிக் கேட்கிறவர்கள்தான் நாளைய விஞ்ஞானிகள். வாருங்கள், விடையை நாமே கண்டுபிடிப்போம்.

கோலியஸ் செடியிலிருந்து நல்ல சிவப்பான இலை ஒன்றைப் பறித்துக்கொள்ளுங்கள். அம்மாவையோ அப்பாவையோ கொதிக்கும் நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களாக அடுப்பைத் தொடக்கூடாது, சரியா? இலையை அந்த நீரில் போட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

என்ன நடக்கிறது? சிவப்பு மெல்ல மெல்ல நீரில் இறங்குகிறது. இலையை இடுக்கியால் எடுத்துப் பாருங்கள். அட, பச்சை!

அந்தப் பச்சை இப்போது வந்ததா? இல்லை. முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. பட்டம் செய்யும்போது பச்சைத் தாளின் மேல் சிவப்புத் தாளை ஒட்டினால் பச்சை மறைந்துபோகும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

சிவப்பு நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அது தண்ணீரில் கரையும். சுடுநீர் பட்டதும் இலையின் செல்கள் சிதைந்தன, நிறமி வெளியே வந்துவிட்டது. பச்சை நிறத்தைத் தருவது பச்சையம். அது தண்ணீரில் கரையாது. அதனால் இலையிலேயே தங்கிவிட்டது. பச்சையத்தை இலையிலிருந்து பிரித்தெடுத்து, 1817ஆம் ஆண்டு அதற்குக் குளோரோபில் என்று பெயர் வைத்தவர்கள் பெல்லெத்தியே, காவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள்.

இதுவரை புரிந்ததா? சிவப்பு இலைக்குள்ளும் பச்சையம் உண்டு. சூரிய ஒளியை வாங்கி உணவு தயாரிப்பது அதுதான்.

சரி, சிவப்புக்கு என்ன வேலை? வெளிச்சம் அளவுக்கு மீறினால் பச்சையம் இருக்கும் பகுதி பாதிக்கப்படும். மேலே இருக்கும் ஆந்தோசயனின் அந்த ஒளியில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். செடிக்கு அது ஒரு காவல்.

வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும் பகுதி எப்படி? அங்கே பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவு. அது தனக்கு வேண்டிய உணவைப் பக்கத்துப் பச்சைப் பகுதியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பள்ளியில் ஆசிரியர் இப்படிப்பட்ட இலையில், இலை தயாரித்த உணவான மாவுச்சத்தைக் கண்டறியும் அயோடின் சோதனை செய்து காட்டும்போது நன்றாகக் கவனியுங்கள். பச்சையம் இருந்த இடம் மட்டும் கருநீலமாகும். அங்கேதான் மாவுச்சத்து இருக்கிறது.

இப்போது இந்தச் செடியை எங்கே வைக்கலாம், சொல்லுங்கள் பார்ப்போம். மொட்டை மாடியில், உச்சி வெயிலிலா? வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கோடை வெயிலில் இலை வெளுத்து, ஓரம் கருகிவிடும். அப்படியானால் இருட்டு அறையிலா? அதுவும் கூடாது. நிறம் மங்கும், தண்டு ஒல்லியாக நீண்டுவிடும். காலை இளவெயில் பட்டு, பிறகு நிழல் விழும் இடமே நல்லது. கிழக்குப் பார்த்த திண்ணை, மாமரத்தடி, பால்கனியின் ஓரம் எல்லாம் பொருத்தமான இடங்கள்.

புதுச் செடி உண்டாக்க விதை தேவையில்லை. உங்கள் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நுனிக்கிளையை, கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு மூழ்கும்படி தண்ணீர் டம்ளரில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர்கள் தெரியும். கண்ணாடி டம்ளர் என்றால் தினமும் வேடிக்கை பார்க்கலாம்!

பிறகு செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து தொட்டியில் நட்டுவிடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, செடி புதராகும். பூங்கதிர் வந்தால் அதையும் கிள்ளலாம். செடியின் சத்து இலைக்குப் போகும். வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் கடும் பனி இல்லாத ஊரில் அது பல ஆண்டுகள் வாழும்.

இன்னொரு செய்தி. கோலியஸ் தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். உருளாது! ஏனென்றால் அது சதுரத் தண்டு. அடுத்து துளசித் தண்டையும் தொட்டுப் பாருங்கள். அதற்கும் நான்கு மூலை. துளசி, கற்பூரவல்லி, கோலியஸ் மூன்றும் ஒரே குடும்பம். ஆனால் கற்பூரவல்லியைத் தின்பதுபோல் கோலியஸ் இலையை வாயில் வைக்காதீர்கள். நாய், பூனை கடிக்காத உயரத்தில் தொட்டியை வையுங்கள்.

இந்த வாரமே ஒரு கிளையைத் தண்ணீரில் வையுங்கள், செல்லங்களே. முதல் வேர் எந்த நாள் வந்தது என்று நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த கிளையை உங்கள் நண்பனுக்கோ தோழிக்கோ கொடுத்து, சிவப்புக்குள் பச்சை இருக்கும் கதையை நீங்களே சொல்லிக்கொடுங்கள்.